கிலோ விலையா, தட்டு விலையா? வீட்டுச் சாப்பாட்டுச் செலவு குறைவது எப்படி

சிக்கனம் என்றதும் பேரம், தள்ளுபடி, மலிவுக் கடை ஆகிய மூன்றும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். மூன்றுமே கடையில் நிற்கும்போது செய்கிற வேலைகள். மளிகைப் பணம் சத்தமில்லாமல் கரைவதோ, பை வீட்டுக்கு வந்த பிறகு. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் கீரை குழைந்து கிடக்கும். ரவையில் வண்டு விழும். "வீட்டில் ஒன்றும் இல்லை" என்று ராத்திரி எட்டு மணிக்கு செயலியைத் திறப்போம், சமையலறையில் பத்து டப்பா நிறையச் சாமான் இருக்கும்.

"மெனு போட்டுச் சமையுங்கள்" என்ற யோசனையும் இப்படித்தான் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் உலவுகிறது. ஏழு நாள், மூன்று வேளை, 21 கட்டம் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினால் அது செவ்வாய்க்கிழமை வரை தாங்கும். பிறகு விருந்தாளி வருவார், மின்சாரம் போகும், அல்லது யாருக்கும் அன்று அவியல் பிடிக்காது. உணவுத் திட்டம் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் அத்தனை கட்டம் தேவைப்படாது.

## விலை எப்போது முடிவாகிறது

சென்னை மாநகரப் பேருந்தின் 1000 ரூபாய் மாதப் பாஸை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 26 நாள், தினம் நாலு வண்டி ஏறுகிறவருக்கு ஒரு பயணம் பத்து ரூபாய்க்கும் கீழே. வாரம் ஒருநாள் மட்டும் போய்த் திரும்புகிறவருக்கு அதே பாஸில் ஒரு பயணம் 125 ரூபாய். பாஸின் விலை மாறவே இல்லை. பயன்படுத்திய அளவுதான் பயணத்தின் விலையை முடிவு செய்தது.

காய்கறிக்கும் இதே கணக்குதான். கொடுத்த பணத்தை, வாங்கிய அளவால் வகுக்காமல் சாப்பிட்ட அளவால் வகுத்தால் வருவதை இந்தக் கட்டுரையில் 'தட்டு விலை' என்று சொல்லுவோம். தக்காளி கிலோ 40, மூன்று கிலோ 100 என்று வண்டியில் கூவுகிறார்கள் என்று வையுங்கள். மூன்று கிலோ வாங்கி, ஒரு கிலோ அழுகிப்போனால் நீங்கள் சாப்பிட்டது இரண்டு கிலோ. தட்டு விலை கிலோ 50. பேசாமல் இரண்டு கிலோவை 80 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் 20 ரூபாய் மிஞ்சியிருக்கும். அழுகாத பொருளிலும் இது உண்டு. பச்சைப் பட்டாணியை உரித்தால் பாதிக்கும் குறைவாகத்தான் பருப்பு தேறும். ஆகவே கிலோ 60 ரூபாய்ப் பட்டாணியை கிலோ 60 ரூபாய் பீன்ஸோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

சுருக்கமாக: மலிவாக வாங்கியதா என்பது வாங்கும்போது தெரியாது, பாத்திரம் காலியாகும்போதுதான் தெரியும். திட்டத்தின் முதல் வேலை, வாங்கிய அளவுக்கும் சாப்பிட்ட அளவுக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது.

## பட்டியல் அலமாரியில் தொடங்குகிறது

பெரும்பாலான வீடுகளில் "இந்த வாரம் என்ன சமைக்கலாம்?" என்று கேட்டுவிட்டு, அதற்கான சாமானைப் பட்டியல் போடுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் கையிருப்பு, அதாவது வீட்டில் ஏற்கெனவே இருப்பது என்னவென்று பார்ப்பது. ஃப்ரிட்ஜையும் மளிகை அலமாரியையும் திறந்து, சீக்கிரம் கெடப்போகிற நாலைந்து பொருளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அரை முட்டைக்கோஸ், இரண்டு வாழைக்காய், ஒரு கிண்ணம் தேங்காய்த் துருவல், புளித்த தயிர். இந்த நாலும் மூன்று நாள் சமையலைத் தாமே சொல்லிவிடும்: கோஸ் பொரியல், வாழைக்காய் வறுவல், மோர்க்குழம்பு. இவற்றுக்குக் குறைகிற சாமானை மட்டும் கடைப் பட்டியலில் ஏற்றுங்கள்.

அடுத்தது வரிசை. ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையில் காய் வாங்குகிற வீட்டில், எது முதலில் வாடுமோ அதுதான் முதலில் அடுப்பேற வேண்டும். முதல் இரண்டு நாள் கீரை, வெண்டைக்காய், கொத்தவரை. வார நடுவில் கத்தரி, பீன்ஸ், கேரட், பீட்ரூட். கடைசியில் முழுப் பூசணி, சேனை, சேப்பங்கிழங்கு, உருளை. அதுவும் தீர்ந்த நாளுக்கு வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும், அல்லது பருப்புத் துவையலும் ரசமும். சந்தை வாரம் ஒருநாள் மட்டும் கூடுகிற ஊர்களில் இந்த வரிசையை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் குழம்பு அதன்படியேதான் மாறி வரும். வற்றலும் வடகமும் கோடையில் போட்டு வைக்கப்படுவது, காய் இல்லாத நாளில் கடைக்கு ஓடாமல் இருக்கத்தான்.

ஐந்து நாளுக்கு மட்டும் திட்டம் போடுங்கள். இரண்டு நாளை வெறுமையாக விடுங்கள், மிச்சம் மீதியும் விருந்தும் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். காலை உணவுக்கு நாள்வாரியாக எழுதத் தேவையே இல்லை. மாவு, ரவை, சேமியா இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வைக்கிற விதத்திலும் தவறு நடக்கிறது. கொத்தமல்லியையும் புதினாவையும் கழுவி ஈரத்தோடு வைத்தால் இரண்டே நாளில் கறுக்கும். வேரை வெட்டி, ஈரமில்லாமல் செய்தித்தாளிலோ பழைய பருத்தித் துணியிலோ சுற்றி மூடிய டப்பாவில் வைத்து, சமைக்கும்போது கழுவுங்கள். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாதீர்கள், உருளை சீக்கிரம் முளைவிடும். உடைத்த தேங்காயை அன்றே துருவி ஃப்ரீசரில் போட்டால் மாதக் கணக்கில் இருக்கும். பாதி மூடியாக வைத்தால் நாலாம் நாள் பிசுபிசுக்கும்.

## மாவு: சேமிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது

இட்லி மாவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒரு கிலோ இட்லி அரிசி, 250 கிராம் முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். அரிசி நாலு மணி நேரமும் உளுந்து ஒன்றரை மணி நேரமும் ஊறினால் போதும். முதலில் உளுந்தைப் போட்டு, குளிர்ந்த தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். ஒரே தடவையில் தண்ணீரை ஊற்றினால் உளுந்து பொங்காது, இட்லி தட்டையாக வரும். பிறகு அரிசியைச் சற்று நறநறப்பாக ஆட்டி, உப்புப் போட்டுக் கையால் கலக்கினால் இரண்டரை கிலோவுக்குக் குறையாத மாவு கிடைக்கும்.

அரிசி 50, உளுந்து 35, உப்பும் வெந்தயமும் சேர்த்து மொத்தம் 90 ரூபாய் என்று வையுங்கள். மேசை கிரைண்டரின் மோட்டார் பெரும்பாலும் 150 வாட். 40 நிமிடம் ஓடினால் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். மாவு கிலோ 36 ரூபாய் ஆகிறது. கடையில் கிலோ 55 என்றால், வாரம் இரண்டரை கிலோவுக்கு மிச்சம் 50 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மாதம் 200 ரூபாய். ஊறவைத்து, ஆட்டி, கல்லைக் கழுவுகிற உழைப்புக்கு இது பெரிய தொகை இல்லை என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்க முடியாது.

ஆனால் மாவின் உண்மையான லாபம் இந்த 200 ரூபாயில் இல்லை. வேலை முடிந்து எட்டு மணிக்கு வீடு வருகிறவருக்கு ஃப்ரிட்ஜில் மாவு இருந்தால் பத்து நிமிடத்தில் தோசை. இல்லாவிட்டால் நாலு பேருக்கு வெளியில் வாங்க 500 ரூபாய். மாதம் நாலு தடவை அப்படி நடப்பது இரண்டு தடவையாகக் குறைந்தாலே 1000 ரூபாய் மிச்சம். அந்தக் கணக்கில் கடை மாவு வாங்கி வைப்பதும் சிக்கனம்தான். வீட்டில் ஆட்டினால்தான் சிக்கனம் என்று யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லை.

ஆட்டிய மாவு முழுவதையும் புளிக்க வைக்காதீர்கள். பாதியை வெளியே வையுங்கள், எட்டு மணி நேரத்தில் பொங்கும், சித்திரை வெயிலில் அதற்கும் முன்னதாகவே. மீதியைப் புளிக்காமலேயே ஃப்ரிட்ஜில் வைத்து, தேவைக்கு முந்தின இரவு வெளியே எடுங்கள். பெரிய பாத்திரம் தினமும் வெளியே வந்து உள்ளே போனால் மாவு முழுவதும் சேர்ந்து புளிக்கும். அன்றைய அளவைக் கரண்டியால் சின்னப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு மற்றதை உடனே உள்ளே தள்ள வேண்டும். முதல் இரண்டு நாள் இட்லி, அடுத்து தோசை, புளிப்பு ஏறியதும் வெங்காயம் போட்ட ஊத்தப்பம் அல்லது பணியாரம்.

மாவும் இல்லாத நாளுக்கு இரண்டு அவசரச் சமையலுக்கான சாமான் எப்போதும் இருக்கட்டும். அரிசியும் பருப்பும் ஒன்றாகக் குக்கரில் போட்டு எடுக்கிற சாதம் ஒன்று. பாட்டிலில் புளிக்காய்ச்சல் இன்னொன்று.

## ஒரு வேகலில் இரண்டு வேளை

கொண்டைக்கடலை 250 கிராம் ஊறினால் எடை இரண்டு மடங்கு ஆகும். ஒரே தடவை வேகவைத்து, பாதியைச் சாயங்காலம் சுண்டலாகத் தாளித்து, மறுபாதியை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் கத்தரிக்காயோடு குழம்பாகும். துவரம்பருப்பையும் அப்படியே: மேலே தெளிந்த பருப்புத் தண்ணீர் ரசத்துக்கு, அடியில் நிற்பது சாம்பாருக்கோ கூட்டுக்கோ.

சுண்டலைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நாலு பேர் வீட்டில் ஆளுக்கு 20 ரூபாய்க்குச் சாயங்கால பஜ்ஜியும் டீயும் என்றால், வேலை நாள் 22-க்கு 1760 ரூபாய். மாதம் முழுதும் ஆகிற துவரம்பருப்புச் செலவை விட இது பல மடங்கு அதிகம். ஆனால் நாம் பேரம் பேசுவது கறிவேப்பிலைக்காரம்மாவிடம். சில்லறையாகப் போகிற பணத்தை மாதக் கணக்காகப் பெருக்கிப் பார்க்கிற வழக்கம் நமக்கு இல்லை.

இதுவரை பார்த்தது: கெடுகிற வரிசையில் சமைத்தால் தட்டு விலை இறங்கும், தயாராக ஏதாவது இருந்தால் திட்டமில்லாத செலவு குறையும். இனி வாங்குகிற இடத்துக்குப் போவோம்.

## பாக்கெட்டின் சின்ன எழுத்து

பாக்கெட்டுகளை ஒப்பிட உதவுவது அலகு விலை, அதாவது ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிலிட்டருக்கோ ஆகிற விலை. இந்தியாவில் பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருள்களில், அதிகபட்ச சில்லறை விலையோடு இதையும் அச்சிட வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. எழுத்து பொடியாக இருக்கும், தேடிப் பாருங்கள்.

எண்ணெயில் இது மிக முக்கியம். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். அலமாரியில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கவரில், ஒன்று 910 கிராம் 140 ரூபாய், இன்னொன்று 800 கிராம் 132 ரூபாய் என்று வையுங்கள். எட்டு ரூபாய் மலிவு என்று கை இரண்டாவதற்குப் போகும். முதலாவது கிராமுக்கு 15.4 காசு, இரண்டாவது 16.5 காசு.

பெரிய பாக்கெட்தான் மலிவு என்பதும் விதியல்ல. ஷாம்பூவில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்ப் பாக்கெட்டுகள் பாட்டிலை விட மில்லிலிட்டருக்குக் குறைந்த விலையில் கிடைப்பது சாதாரணம். மசாலாத்தூளில் வேறு சிக்கல்: அரைக் கிலோ வாங்கினால் கிராமுக்கு விலை குறையும், ஆறு மாதத்தில் மணம் போய்விடும், பிறகு அதே ருசிக்கு இரண்டு கரண்டி போட வேண்டியிருக்கும்.

## மாத மளிகையின் அளவு

'மாதம் எவ்வளவு ஆகும்' என்பதை நினைவிலிருந்து சொல்லாமல் ஒரு வேளையிலிருந்து பெருக்குங்கள். நாலு பேர் மதியச் சாப்பாட்டுக்கு 400 கிராம் அரிசி என்றால் மாதம் 12 கிலோ. ஒரு நாள் சாம்பாருக்கு 120 கிராம் பருப்பு, வாரம் நாலு நாள் என்றால் மாதம் இரண்டு கிலோ. இந்த இரண்டு எண்ணும் உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம். ஒரு வாரம் அளந்து போட்டால் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருப்பவர்களுக்கு 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 ரூபாய். சாதத்துக்கு ரேஷன் அரிசி பிடிக்காத வீடுகளும் அதன் புழுங்கலரிசியை இட்லி அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்து ஆட்டலாம், தோசைக்கு நன்றாகவே வரும். காய்க்கு உழவர் சந்தை. முதல் சந்தை 1999-இல் மதுரையில் திறந்தது. அங்கே விலை பலகையில் எழுதியிருக்கும். வாங்காவிட்டாலும் அந்தப் பலகையைப் பார்த்தால் தெருவில் கேட்கிற விலை நியாயமா என்று புரியும்.

## அடுப்பில் எரியும் பணம்

14.2 கிலோ சிலிண்டர் சிலர் வீட்டில் 30 நாள், அதே அளவு குடும்பத்தில் வேறு வீட்டில் 45 நாள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கொதித்த பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் வெப்பம் ஏறாது, ஆவிதான் கூடும். எனவே குழம்பு கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போட்டால் அதே நேரத்தில் வேகும்.

குக்கரில் ஆவி அடைபட்டு அழுத்தம் ஏறுவதால் உள்ளே 120 டிகிரி வரை போகிறது, அதனால்தான் சீக்கிரம் வேகிறது. விசில் அடிப்பது, தேவைக்கு மேற்பட்ட ஆவி வெளியேறும் சத்தம். முதல் விசிலில் தீயைச் சிம்மில் வைத்து நிமிடக் கணக்குப் பாருங்கள். முழுத் தீயில் ஆறு விசில் எண்ணுவது, கேஸைக் கொடுத்து ஆவியை வாங்குவது. பருப்பை அரை மணி நேரமும் கடலையை ஓர் இரவும் ஊறவைத்தால் வேகும் நேரம் வெகுவாகக் குறையும். அரிசியையும் பருப்பையும் அடுக்குப் பாத்திரத்தில் ஒரே குக்கரில் வைக்கலாம். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னர் துளை அடைத்திருக்கிறது, கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

கேஸை மிச்சம் பிடிக்க இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறுகிறவர்கள் முதலில் மின் அட்டையைப் பார்க்கட்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் வேறு கட்டண அட்டவணை வந்துவிடும், தாண்டாதவர்களுக்குக் கீழ்ப்படியில் கிடைக்கிற மலிவு விகிதமும் போய்விடும். 480-இல் நிற்கும் வீட்டுக்கு இந்த மாற்றம் கட்டுப்படியாகாது.

## எதில் கை வைக்கக் கூடாது

செலவைக் குறைக்கிறோம் என்று முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் பருப்பு, முட்டை, பால். அரிசி மட்டும் அப்படியே இருக்கும். இது தப்பான இடத்தில் வெட்டுவது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. வெளியில் வாங்கும் ஒரு பஜ்ஜியின் விலைக்கு அது வந்துவிடும்.

வடை சுட்ட எண்ணெயைக் கறுத்து நுரைக்கும் வரை திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் சிக்கனம் இல்லை. ஒருமுறை பொரித்ததை வடிகட்டி இரண்டொரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். மிஞ்சிய சோற்றை மதியத்திலிருந்து இரவு வரை வெளியே வைத்து மறுபடி சூடாக்கிச் சாப்பிடாதீர்கள். அதில் வளரும் ஒருவகைக் கிருமி விடுகிற நச்சு, சூடாக்கினாலும் போகாது. ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

## முதல் மூன்று வாரம்

ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றினால் வீட்டில் யாரும் ஒத்துழைக்க மாட்டார்கள். முதல் வாரம் எதையும் மாற்றாமல், குப்பையில் போடுகிற ஒவ்வொரு சாப்பாட்டுச் சாமானையும், வெளியில் வாங்கித் தின்கிற ஒவ்வொன்றையும் விலையோடு ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டாவது வாரம் கையிருப்பு பார்த்து ஐந்து நாள் குழம்பை மட்டும் எழுதிச் சமையுங்கள், கடைக்குப் பட்டியலோடு ஒரு தடவை மட்டும் போங்கள். நடுவில் பாலும் தயிரும் வாங்கப் போகிறவர் பட்டியலுக்கு வெளியே எதையும் எடுக்காமல் வர வேண்டும், இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. மூன்றாவது வாரம் முதல் வாரத்துத் தாளை எடுத்து, குப்பைக்குப் போனவற்றில் இரண்டு தடவைக்கு மேல் வந்த பொருள் எது என்று பாருங்கள். கொத்தமல்லி என்றால் பாதிக் கட்டு கேளுங்கள், தெரிந்த கடையில் தருவார்கள். பிரெட் என்றால் சின்ன பாக்கெட். சோறு என்றால் உலையில் போடும் அரிசியில் அரை டம்ளர் குறையுங்கள்.